பாலாகவே இருக்கட்டும்

பாலாகவே இருக்கட்டும் என்று செண்பகவல்லி வேண்டிக்கொண்டாள், யாரிடம் என்றில்லாமல், காலித் தம்ளரைக் கையில் வைத்தபடி. தம்ளரில் இருந்தது பால்கூட இல்லை. பாலில் இருக்கிற சர்க்கரையை மட்டும் தனியாக எடுத்துத் தண்ணீரில் கரைத்தது என்று நர்ஸ் எஸ்தர் சொல்லியிருந்தாள். பால் தன் உடம்பை எங்கோ கழற்றி வைத்துவிட்டு இனிப்பாக மட்டும் வந்து நிற்கிறது என்று தோன்றியது. இனி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் எஸ்தர் வந்து கைப்பேசி அளவில் ஒரு மெஷினை நீட்டுவாள், அதன் காகிதக் குழாயில் ஊத வேண்டும். வயிற்றுக்குள் செரிக்காமல் கிடக்கிற பால் சர்க்கரை புளித்துக் கிளப்பும் வாயு மூச்சில் கலந்து வரும், வந்தால் மெஷினில் எண் ஏறும். வெறும் வயிற்றில் ஊதியபோது காட்டிய எண்ணுக்கு மேலே இருபது ஏறிவிட்டால் பால்தான் குற்றவாளி, பாலை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்கப் போகலாம். ஏறாவிட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது, பார்த்த இடத்தில் கிள்ளி எடுத்து அனுப்புவது. அம்மாவுக்குச் செய்தது. டாக்டர் மீரான் முதலிலேயே ஸ்கோப் பார்த்துவிடலாம் என்றுதான் சொன்னார், எடை இவ்வளவு இறங்கியிருக்கிறது, அம்மாவுக்கு வேறு இருந்திருக்கிறது என்று. இவள்தான் முதலில் இதைச் செய்து பார்ப்போமே டாக்டர் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், கடையில் பேரம் பேசுகிற மாதிரி. காப்பி குடிக்காமல் இருக்க முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒருத்தி, காப்பியே எனக்கு எதிரியாக இருந்துவிடு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு தொண்டைக்கு மேலே ஏறவில்லை. தூங்கிராதீங்கக்கா, தூங்கினா எண் தப்பாக் காட்டும், அண்ணன் நீங்க பாத்துக்கிடுங்க என்று எஸ்தர் பக்கத்தில் இருந்த பரமுவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனாள். பரமு, பரமசிவன், கூடப் பிறந்த தம்பி, பம்பு செட்டுக் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறவன், அக்காளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலையை ஏற்றுக்கொண்ட கொஞ்ச நேரத்தில் தானே கொட்டாவி விட்டான்.

ஜன்னலுக்கு எதிரே ஒரு டீக்கடை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையின் இந்தத் தெரு முழுக்க ஆஸ்பத்திரிகளாகவும் அவற்றை நம்பிய டீக்கடைகளாகவும் இருந்தது, ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறவர்கள் ஏதாவது குடித்துத்தானே ஆக வேண்டும். அகலமான சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. மேலே ஆடை, நடுவில் மெல்ல உப்பி, விளிம்பில் சுருங்கி, மறுபடி அமுங்கி, மூச்சு விடுகிறதோ. கடைக்காரர் கரண்டியால் ஆடையை ஓரமாக ஒதுக்க ஒதுக்க அது சேர்ந்துகொண்டே இருந்தது. பாலைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற தேசத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாயிற்று. உத்ரெக்ட் என்கிற அந்த ஊரில் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஆறடி உயர ஆம்பிளைகள் ரொட்டிக்கு நடுவில் ஒரு துண்டு சீஸை வைத்துக் கடித்துக்கொண்டு பெரிய கிளாஸில் குளிர்ந்த பாலைக் குடிப்பார்கள், மேலுதட்டில் வெள்ளைக் கோடு நிற்கும், அதோடே மீட்டிங் பேசுவார்கள். முதல் வருஷம் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது, பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் தொட்டிலில் படுத்துக்கொண்ட மாதிரி. அப்புறம் அவளும் குடித்தாள். மோர்கூட அங்கே அட்டைப் பெட்டியில் கிடைக்கும், உப்புப் போட்டு இஞ்சி தட்டிப் போட்டால் நம் மோர்தான். அப்போதெல்லாம் இந்த வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே வந்து இரண்டு வருஷம் ஆன பிறகு, சொந்த ஊர்த் தண்ணீரும் சொந்த ஊர்ச் சாப்பாடும் ஒத்துக்கொண்டு உடம்பு தேறியிருக்க வேண்டிய நேரத்தில், சாப்பிட்டு எழுந்தால் உப்பல், இரைச்சல், உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுகிற மாதிரி, அப்புறம் ஓட்டம். ரவிக்கைகள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்தன. தைத்துப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் பீரோவில் அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்று கிடைத்தது, கடைசி வருஷத்து ரவிக்கை, அதிலும் உள்ளே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தது, கைத்தையல், பெரிய பெரிய தையலாக, கண் தெரியாதவள் போட்டது. அதை மடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

எஸ்தர் வந்தாள். தம் கட்டி மெதுவா ஊதுங்கக்கா, பலூன் ஊதுற மாதிரி இல்ல, ஆறின காப்பிய ஊதுற மாதிரி என்றாள். செண்பகம் ஊதினாள். மெஷின் யோசித்தது. எண் அப்படியே இருந்தது, காலையில் எதுவோ அதுவே. இப்பத்தான குடிச்சிருக்கிய, இனிமேத்தான் ஏறும் என்றாள் எஸ்தர். அந்த இனிமேல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு செண்பகம் சாய்ந்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. எந்தச் சத்தமும் இல்லை. மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் ஒரு சண்டையே நடந்திருக்கும், இன்றைக்கு விருந்தாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறது. வலி, வா என்றாள் உள்ளுக்குள். வலிக்காதா என்று ஏங்குவதற்கு ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தது. பரமு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னக்கா ஏதும் செய்யுதா என்றான். ஒண்ணும் செய்யலியே, அதாம்ல கவலை என்றாள். அவன் அதற்கு, எங்க கடைக்கு ரிப்பேருக்கு வர்ற மோட்டாரும் இப்படித்தான், தோட்டத்துல சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், மெக்கானிக்கைப் பாத்ததும் பூனைக்குட்டியா ஓடும் என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சிரித்தான். சின்ன வயதில் இருந்து அவன் அப்படித்தான், யாராவது பயந்தால் அவனுக்குக் கை நிறைய நகைச்சுவை வந்துவிடும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட, இவள் விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தபோது, வாசலில் நின்று, எனக்குக் கொண்டு வந்த சாக்லேட்டைச் சுங்கத்துல பிடுங்கிட்டானாக்கா என்று கேட்டான். அப்போது அவன் கண் சிவந்திருந்தது.

அம்மா வாயு என்றுதான் சொல்வாள். போனில் வாராவாரம். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்றால், ஒண்ணுமில்ல, வாயு, சோடா குடிச்சேன் ஏப்பம் வந்துட்டு, நீ என்ன சாப்பிட்ட. நீ என்ன சாப்பிட்ட என்பது ஒரு கதவு, அதைத் திறந்துவிட்டால் பேச்சு முழுக்க உத்ரெக்ட்டுக்குப் போய்விடும், மகள் கயலின் பள்ளிக்கூடம், குளிர், அரிசி என்ன விலை, திருநெல்வேலிக்குத் திரும்பி வராது. அந்தக் கடைசி வருஷக் கோடை லீவுக்கு வந்தபோது அம்மா மெலிந்திருந்தாள், ஆனால் வயதானவர்கள் மெலிவார்கள்தானே, மூன்று வாரமும் அடுப்படியைவிட்டு நகராமல் ஆக்கிப் போட்டாள், சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, தான் மட்டும் அப்புறம் சாப்பிடுதேன் என்று சொல்லிக்கொண்டே. விமானம் ஏறி இரண்டு மாதத்தில் செய்தி. கட்டி என்றார்கள், பரவிவிட்டது என்றார்கள். யாருக்கும் தெரியாமல் உள்ளேயே வளர்ந்திருக்கிறது, அதுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது என்று யார் யாரோ சொன்னார்கள், அந்த வார்த்தையை அவள் ஏழு வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள், யாருக்கும் தெரியாது, யாராலும் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் சில ராத்திரிகளில் அந்த மூன்று வாரத்து அம்மாவை ஒவ்வொரு இட்லியாக எண்ணிப் பார்ப்பாள், அன்றைக்கு அரை இட்லி, மறுநாள் அதுவும் இல்லை, நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே. யக்கா, தூங்காத என்றான் பரமு. தூங்கல, கண்ணைத்தான் மூடியிருந்தேன். கண்ணை மூடினா தூக்கம்தான் என்று அந்த நர்ஸம்மா என்னையத் திட்டும். சரி, பேசுல. என்னத்தப் பேச. எதையாவது பேசு. அவன் கயல் எப்ப வாரா என்று கேட்டான். அடுத்த மாசம், டிக்கெட் போட்டாச்சு, மூணு வாரம் இருப்பா, குற்றாலம் போகணுமாம், மாமா கடையில ஒரு நாள் உக்காரணுமாம். கேட்டுக்கொண்டே பரமு ஜன்னலைப் பார்த்தான். எதிர்க்கடைக்காரர் ஆடையை மறுபடி ஒதுக்கினார்.

இரண்டாவது தடவை ஊதியபோதும் எண் அசையவில்லை. ஒன்று ஏறி இருந்தது, அதை ஏறியதாகச் சொல்ல முடியாது, ஈ உட்கார்ந்த கனம். எஸ்தர் இந்த முறை இனிமேல் என்று சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டு போனாள். அந்தச் சரி செண்பகத்துக்குள் ஒரு கிணற்றில் போட்ட கல்லாக இறங்கிக்கொண்டே போனது, அடி தட்டுகிற சத்தம் வரவில்லை. அப்படியானால் பால் இல்லை. பால் இல்லையென்றால். சுவரில் வயிற்றின் படம் மாட்டியிருந்தது, வெட்டிக் காட்டிய வயிறு, உள்ளே ரோஜா நிற மடிப்புகள், கலைந்த படுக்கை விரிப்பு மாதிரி. அந்த மடிப்பு ஒன்றுக்குள் ஏதோ ஒன்று படுத்துக்கொண்டு அவள் சாப்பிடுவதைக் கூடவே சாப்பிடுகிறது. இல்லை. அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. அவள் குளிர்ந்த பாலை நினைத்தாள், உதட்டின் மேல் வெள்ளைக் கோடு போட்ட மனிதர்களை நினைத்தாள், அவர்கள் ஒருவர் பின் ஒருவராக மேஜையைவிட்டு எழுந்து பனிக்குள் சைக்கிளில் போனார்கள், பனி பாலாக இருந்தது, சக்கரங்கள் அதில் சத்தமில்லாமல் புதைந்தன, கடைசியாகப் போன சைக்கிளில் அம்மா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிள் ஓட்டத் தெரியாத அம்மா நேராக ஓட்டிக்கொண்டு போகிறாள், கூப்பிட்டால் திரும்பவில்லை, வாயில் ஏதோ கசந்தது, இரும்பு மாதிரி, பழைய ஐந்து பைசாவை நாக்கில் வைத்த மாதிரி. பரமு தோளைத் தட்டினான். விழித்த பிறகும் அந்த ருசியின் ஞாபகம் நாக்கில் இருந்தது. இந்த ருசி எனக்குத் தெரியுமே. சமீபத்தில் வந்த ருசி. எதைத் தின்றாலும் துட்டைச் சப்புகிற மாதிரி, நாலைந்து நாள், போன வாரத்துக்கு முந்தின வாரம். மெடிக்கல் அண்ணாச்சி.

தெரு முக்கு மெடிக்கல்காரரைத்தான் சொல்கிறாள். ஊருக்குத் திரும்பியதில் அவளுக்கு வாய்த்த சந்தோஷங்களில் அவரும் ஒருவர். அங்கே உத்ரெக்ட்டில் ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு மேல் எதுவும் வேண்டுமானால் டாக்டரிடம் நாள் குறிக்க வேண்டும், டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடியுங்கள், இரண்டு வாரம் பொறுங்கள் என்பார், மருந்துக்கடைக்காரி சீட்டு இல்லாமல் முகத்தைக்கூடக் காட்ட மாட்டாள். இங்கே அண்ணாச்சி கல்லாவில் சாய்ந்துகொண்டு முழுக்கதையும் கேட்டார், என்ன சாப்பிட்டிய, எத்தனை தடவ போச்சு, அம்மாக்கும் இப்படித்தான் வாயு இருந்துது என்றார். பிறகு கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையில் ஒரு பகுதியை வெட்டி, பழுப்புக் கவரில் போட்டு, வேளைக்கு எத்தனை என்று வெளியே கோடு போட்டுத் தந்தார். மஞ்சள் மாத்திரை. வாய் லேசாக் கசக்கும், பரவால்ல, அஞ்சு நாள் போடுங்க, பூச்சி கீச்சி இருந்தாலும் போயிரும். பேர் கேட்கத் தோன்றவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு கேட்டதே போதும் என்றிருந்தது, வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கண் கலங்கியதுகூட உண்டு. காலையில் எஸ்தர் கேட்டாள்தான், ஒரு மாசத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏதும் எடுத்தியளாக்கா. இல்லை என்று பளிச்சென்று சொன்னாள். பொய்யில்லை. டாக்டர் எழுதித் தருவதுதானே மருந்து, மெடிக்கலில் தருவது மெடிக்கலில் தருவது. அண்ணாச்சி கொடுத்ததை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா. ஆனால் பூச்சி கீச்சி என்றாரே. வயிற்றுக்குள் பாலைப் புளிக்க வைக்கிற கிருமிக் கூட்டம் இருந்தால்தானே வாயு வரும், அந்தக் கூட்டத்தையே துடைத்துவிட்டு மெஷினில் ஊதிக்கொண்டிருந்தால். செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க வெதுவெதுவென்று ஏதோ பரவியது. எண் ஏறாததற்குக் காரணம் இருக்கிறது. அப்படியென்றால் இன்னும் பாலாக இருக்கலாம். இன்னும் எதுவும் முடியவில்லை. ஏல பரமு, அந்த எஸ்தரைக் கூப்பிடு என்றாள், பரிசு விழுந்தவள் குரலில்.

எஸ்தர் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள், மாத்திரையின் நிறத்தையும் வாய்க் கசப்பையும் இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இருவரையும் டாக்டர் அறைக்குக் கூப்பிட்டாள். டாக்டர் மீரான் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போனால் அவர் களைப்பாகச் சிரித்தார். பத்துப் பேரில் நாலு பேர் இதைத்தான் செய்கிறார்கள், கேட்டால் மாத்திரையே போடவில்லை என்பார்கள், சத்தியம்கூடப் பண்ணுவார்கள் என்றார். இன்றைய பரிசோதனை செல்லாது. இதையே திரும்பச் செய்ய வேண்டுமானால் மாத்திரை போட்ட நாளில் இருந்து ஒரு மாதமாவது கழிய வேண்டும், அதுவரை பால் காரணமா இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது. இல்லை, முதலில் சொன்னபடி ஸ்கோப் என்றால் நாளைக்கே பார்க்கலாம், பாலாகவே இருந்தாலும் அதைப் பார்த்துவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன், ஆனால் உங்கள் உடம்பு, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். செண்பகத்துக்கு அந்த ஒரு மாதம் ஒரு முழு வீடாகக் கண்ணுக்குள் விரிந்தது, ஜன்னல்கள் எல்லாம் திறந்து, வெயில் தரையில் கிடந்து, ஒவ்வொரு அறையிலும் கயல் சுற்றி வருகிறாள், ஈரத் தலையோடு, குற்றாலத்து ஈரம், எதுவும் தெரியாத முகம், அந்த முகத்தைக் கெடுக்கலாமா. வயிற்றுக்குள்ளே என்ன இருந்தாலும் அது மூன்று வாரம் பொறுக்காதா. அவள் சிரித்த முகமாகவே சொன்னாள்.

"பிள்ளை லீவுக்கு வாரா டாக்டர். அவ வந்துட்டுப் போகட்டும், அதுக்கப்புறம் பாத்துக்கிடுவோம்."

டாக்டர் பேனாவை எடுக்கவில்லை. பரமுவின் நாற்காலி லேசாக முனகியது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை, மேஜையில் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவனுக்கு நகைச்சுவை வரவில்லை. என்னல என்றாள்.

"அம்மாவும் இதையேதான்க்கா சொன்னா."

"எப்ப?"

"அந்த வருஷம். நீ வர்றதுக்கு முன்ன. ஸ்கோப் பாக்கணும்னு சொல்லிட்டாவ, நான்தான் கூட்டிட்டுப் போயிருந்தேன். இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே சொன்னா, செண்பகம் லீவுக்கு வாரா, அவ வந்துட்டுப் போகட்டும்னு. உங்கிட்ட சொன்னா செத்துருவேன்னா. நான் சொல்லல." பேப்பர் வெயிட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். "சொல்லாமலும் செத்துட்டா."

யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை, ஏழு வருஷமாகக் கைக்குள் மூடி வைத்திருந்தது, இப்போது திறந்து பார்த்தால் வெறும் கை. தெரிந்திருக்கிறது. அடுப்படியில் நின்ற அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, சொதி கொதிக்கும்போது, களி கிண்டும்போது, அப்புறம் சாப்பிடுதேன் என்கிறபோது, தெரிந்துகொண்டே நின்றிருக்கிறாள், மூன்று வாரமும், ஒரு லீவு கெட்டுப் போகக்கூடாதே என்று. அந்த லீவுக்குள்தான் இவள் இட்லியை எண்ணாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அம்மா மேல், கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போன்ற கோபம், எனக்கு எதற்கு அந்த லீவு, யார் கேட்டார்கள் அந்த லீவை உன்னிடம். கேட்டுக்கொண்டே இருந்தவள் அந்தக் கேள்வி தன் பக்கமாகத் திரும்பி நிற்பதைப் பார்த்தாள். கயல் கேட்பாளா, பிறகு ஒரு நாள், இதே அறையில், இதே கோபத்தோடு. பரமு மூக்கை உறிஞ்சினான். அவன் ஏழு வருஷமாக இதை எங்கே வைத்திருந்தான், எந்தப் பம்பு செட்டுக்கு அடியில். அவள் அவன் முழங்கையைப் பிடித்தாள், பிடித்தபடியே டாக்டரிடம், நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வரச் சொன்னார். சரி என்றாள்.

வெளியே வெயில் கூசியது. பரமு ஏதாவது சாப்பிடுதியாக்கா, இனிமே சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்களே என்று கேட்டான். இரு என்றாள். உத்ரெக்ட்டில் இப்போதுதான் காலை, கயல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், ரயிலுக்குக் கிளம்புகிற அவசரம். செண்பகம் போன் போட்டாள், இரண்டு தடவை அடித்ததும் கயல் எடுத்தாள். என்னம்மா இந்நேரத்துல, எப்படி இருக்க என்றாள், வாயில் ரொட்டியோடு. ஒண்ணுமில்ல, சும்மாதான், நீ என்ன சாப்பிட்ட. அத்தனையும் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன, பழகிய வரிசை, தள்ளக்கூட வேண்டாம், தானே உருண்டுவிடும். செண்பகம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவை போகும்வரை நின்றாள். அம்மா, இருக்கியா என்றாள் கயல்.

"இருக்கேன். கயல், எனக்கு வயிறு சரியில்ல, கொஞ்ச நாளாவே. என்னன்னு இன்னும் தெரியல, நாளைக்கு உள்ள குழாய் விட்டுப் பாக்கப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் கத்தியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு நாற்காலி இழுக்கிற சத்தம்.

"சொல்லும்மா" என்றாள் கயல். "எல்லாத்தையும் சொல்லு."